காக்கிச் சட்டைக்குள் இறுகும் மனம்: பொலிஸ் நிலையத்தின் உள்வாழ்க்கையும் எங்கள் முறைப்பாடுகளும்

2021ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி இரவு, அம்பாறை மாவட்டம் திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டவர் வெளியாள் அல்ல. அதே நிலையத்தில் கடமையாற்றிய சார்ஜன்ட். கொல்லப்பட்ட நான்கு பேரும் அவருடைய சக பொலிஸார். பின்னர் அவர் மொனராகலை மாவட்டத்து எத்திமலை பொலிஸ் நிலையத்தில் சரணடைந்தார். அவர் கேட்ட விடுமுறை மறுக்கப்பட்டதே காரணம் என்று அந்நாட்களில் செய்திகள் வெளியாகின.

விடுமுறை கிடைக்காத எல்லோரும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. ஒரு மனிதரின் செயலுக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் ஒரு பொலிஸ்காரரை அவருடைய சொந்த நிலையமே எந்த அளவுக்கு நெருக்க முடியும் என்ற கேள்வியை அந்த இரவு எழுப்பியது. நாடு சில நாட்கள் அதைப் பற்றிப் பேசியது. பிறகு மறந்துவிட்டது.

பொலிஸாரின் மனஅழுத்தம் எங்களுக்கு ஏன் என்று வடக்கில் இருக்கும் வாசகர் கேட்கலாம். கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டில் நடந்ததையும், 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்த இரவையும் கண்ட தலைமுறை இன்னும் எங்களிடையே இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பொலிஸாருக்காக இரக்கப்படுங்கள் என்று சொல்வது என் நோக்கமல்ல. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் மேலதிகாரி கீழே உள்ளவரை எப்படி நடத்துகிறாரோ, அதன் சாயல் அந்த நிலையத்தின் வாசலில் நிற்கும் எங்கள் மேலும் விழுகிறது. ஆகவே உள்ளே நடப்பது எங்களுடைய விடயமும்தான்.

இரண்டு வகை அழுத்தம்

பொலிஸ் வேலை ஆபத்தானது, அதனால்தான் மன அழுத்தம் வருகிறது என்பதே பொதுவான எண்ணம். விபத்தில் சிதைந்த உடலைப் பார்க்க வேண்டும், வாளோடு நிற்பவனை நெருங்க வேண்டும், நடுச்சாமத்தில் தனியே ரோந்து போக வேண்டும். இவை உண்மை. ஆனால் இதைப் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் காட்டியிருக்கிறார்கள். வேலையிலிருந்து வரும் அழுத்தம் ஒரு வகை; வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து வரும் அழுத்தம் வேறொரு வகை.

அமெரிக்க உளவியலாளர் சார்ள்ஸ் ஸ்பீல்பேர்கரும் குழுவினரும் 1981இல் பொலிஸாருக்கென 60 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஆபத்து பற்றிய கேள்விகளோடு நிர்வாக நெருக்கடி, ஆதரவின்மை பற்றிய கேள்விகளும் அதில் இடம்பெற்றன. 2006இல் கனடாவின் மெக்ரீரியும் தொம்சனும் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். களத்து அழுத்தத்துக்கு 20 கேள்விகள், நிறுவன அழுத்தத்துக்கு 20 கேள்விகள் என இரண்டு தனித்தனிப் படிவங்களை வெளியிட்டார்கள்.

அந்த இரண்டாவது படிவம் எதையெல்லாம் கேட்கிறது என்று பார்த்தால் அது எங்கள் ஊர் அலுவலகங்களுக்கும் பொருந்துவது தெரியும். ஆளுக்கொரு சட்டமா? வேலை சமமாகப் பகிரப்படுகிறதா? ஆள் பற்றாக்குறையா? மேலதிகாரி இன்று ஒன்று நாளை ஒன்று பேசுகிறாரா? நல்லதை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் பிடிக்கிறாரா? சுகமில்லை என்று சொன்னால் கூட வேலை செய்பவர்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்களா? இவற்றில் எதற்கும் துப்பாக்கியோ கள்வனோ தேவையில்லை.

சுவீடனில் ஆய்வு செய்த ரொபேர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருவரிடம் கேட்கப்படும் வேலை அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் குறைவாகவும் இருந்தால் அங்கேதான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்றார் அவர். பின்வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பக்கத்தில் நிற்பவர்களின் ஆதரவு. அதுவும் இல்லையென்றால் நிலை இன்னும் மோசமாகும். ஒரு கான்ஸ்டபிளின் நாளை இந்த மூன்றாலும் அளந்து பாருங்கள். வேலை கூட, அதிகாரம் குறைவு, ஆதரவு யார் மேலதிகாரி என்பதைப் பொறுத்தது.

எங்களுக்கு மிக முக்கியமான ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. கொப், யூவெமா, ஷௌஃபெலி ஆகியோர் 1999இல் அதை வெளியிட்டார்கள். நெதர்லாந்துப் பொலிஸாரிடையே களத்து அழுத்தத்தைவிட நிறுவன அழுத்தமே பரவலாக இருந்தது என்பது அவர்களின் ஒரு முடிவு. மனம் சோர்ந்து எரிந்துபோன பொலிஸாரே வன்முறையைப் பயன்படுத்துவதை அதிகம் ஆதரித்தார்கள், அதிகம் பயன்படுத்தியதாகவும் சொன்னார்கள் என்பது இன்னொரு முடிவு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருக்கும் உடம்பில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1865இன் சட்டமும் மூன்று வாசல்களும்

எங்கள் பொலிஸ் அமைப்பின் பழக்கவழக்கங்கள் நேற்று வந்தவை அல்ல. இன்றும் அடிப்படையாக இருப்பது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதற்கு அடுத்த ஆண்டு, 1866 செப்ரெம்பர் 3இல், பம்பாய் மாகாணத்தின் ரத்னகிரியில் பொலிஸ் பொறுப்பில் இருந்த கம்பெல் இங்கே தலைமைப் பதவிக்கு வந்தார். அந்தத் திகதியைத்தான் பொலிஸ் திணைக்களம் இன்றும் தன் ஆண்டு விழாவாகக் கொண்டாடுகிறது. குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தது மக்களுக்குச் சேவை செய்யும் ஊழியர் அல்ல. மக்களைக் கட்டுப்படுத்தும், மேலிடத்துக்குக் கீழ்ப்படியும் ஓர் அணிதான் அதற்குத் தேவைப்பட்டது.

அந்த மேல்–கீழ் அமைப்பு இன்றும் ஆட்சேர்ப்பிலேயே தெரிகிறது. கான்ஸ்டபிள், உப பொலிஸ் பரிசோதகர், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் என மூன்று வாசல்கள். எந்த வாசலால் நுழைந்தாரோ அதுவே பெரும்பாலும் ஒருவரின் வாழ்நாள் எல்லையைத் தீர்மானிக்கிறது. இருபது வருடம் ஊரறிந்த சார்ஜன்டுக்கு நேற்றுப் பயிற்சி முடித்து வந்த இளம் அதிகாரி கட்டளையிடுவார். நிலையப் பொறுப்பதிகாரியின் கையில்தான் கடமைப் பட்டியலும் விடுமுறையும். அவர் நல்லவராக வாய்த்தால் நிலையம் மூச்சுவிடும். வாய்க்காவிட்டால் போய்ச் சொல்ல இடமில்லை.

ஆசிரியருக்கும் தாதிக்கும் தபால் ஊழியருக்கும் தொழிற்சங்கம் உண்டு. பொலிஸாருக்கு இல்லை. ஒழுக்கத்தையும் கடமையையும் காரணம் காட்டி, பொலிஸாரினதும் படையினரதும் அடிப்படை உரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்த அரசியலமைப்பின் 15(8) உறுப்புரை இடமளிக்கிறது. முறையாகக் குறை சொல்ல வழியில்லாத இடத்தில் குறை இல்லாமல் போவதில்லை. அது உள்ளேயே கிடந்து புளிக்கும்.

வடக்கு என்ற கடமை நிலையம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தப் பொது அழுத்தங்களோடு இன்னும் சில சேர்கின்றன.

முதலாவது, தூரம். இங்கே கடமையாற்றும் பொலிஸாரில் கணிசமானோர் தென்னிலங்கையைச் சேர்ந்தவர்கள். மாத்தறையிலோ குருநாகலிலோ குடும்பம். தங்குவது நிலையத்தின் பின்பக்கத்து விடுதியில். வேலையும் வீடும் ஒரே மதிலுக்குள் என்றால் வேலை முடிவதில்லை. தெற்கில் வடக்குக்கான இடமாற்றம் ஒரு தண்டனையாகவே நெடுங்காலம் பேசப்பட்டு வந்திருக்கிறது. தண்டனையாக நினைத்து வந்தவர் அந்த ஊர் மக்களை எந்தக் கண்ணால் பார்ப்பார்? அவர் வந்திறங்கும் முன்னரே உறவு கெட்டுவிடுகிறது.

இரண்டாவது, மொழி. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. பொது ஆவணங்கள் தமிழில் பேணப்பட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நடைமுறை வேறு. எழுத வாசிக்கத் தயங்கும் அயலவர்களோடு முறைப்பாடு செய்யப் போய்வரும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு நிலையத்தில், காணிப் பிணக்கு ஒன்றுக்காகப் போன ஒரு வயதான அம்மாவும் நானும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். தமிழ் எழுதக்கூடியவர் ஒருவர்தான் அன்று கடமையில். நீதிமன்றம், வீதி விபத்து, பெண்கள் பிரிவு என எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது அந்த அம்மா களைத்துப் போயிருந்தார். எழுத உட்கார்ந்தவரும் களைத்துத்தான் இருந்தார். கேள்விகள் சுருங்கின. அம்மா சொன்னதில் பாதிதான் புத்தகத்தில் ஏறியது.

அங்கே யாரும் கெட்ட நோக்கத்தோடு நடக்கவில்லை. ஆனால் மொழிச் சட்டத்தை நிறைவேற்றாத ஒரு நிறுவனம் அந்தச் சுமை முழுவதையும் ஒரே ஊழியரின் தலையில் ஏற்றியிருந்தது. இழப்பு இருவருக்கும். அம்மாவுக்குக் கூடுதல் இழப்பு, ஏனென்றால் காணி அவருடையது.

மூன்றாவது, பயம். 2017 ஜூலை 22ஆம் திகதி நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் சென்றுகொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர காயமடைந்து யாழ். போதனா வைத்தியசாலையில் உயிரிழந்தார். சிலாபத்தைச் சேர்ந்த அவர் பல வருடங்களாக அந்த நீதிபதியோடு கடமையாற்றியவர். இறந்தவரின் மனைவியின் முன் நீதிபதி விழுந்து அழுத காட்சியை இந்த நாடு முழுவதும் பார்த்தது. அதற்கு ஒரு கிழமை கழித்து, ஜூலை 30இல், கொக்குவிலில் இரண்டு பொலிஸார் வாளால் வெட்டப்பட்டார்கள்.

கிழக்கில் 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். சந்தேகத்தில் முன்னாள் போராளி ஒருவர் தடுத்து வைக்கப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரே அது சஹ்ரான் குழுவின் வேலை என்பது தெரியவந்தது. பயத்தில் இருக்கும் ஒரு நிறுவனம் பழைய எதிரியைத்தான் முதலில் தேடும் என்பதற்கு அது ஓர் உதாரணம். அந்தத் தேடலின் விலையைக் கொடுத்தது ஒரு தமிழ்க் குடும்பம்.

தமிழ்ப் பொலிஸ்காரர் நிற்கும் இடம்

இந்த மூன்று நெருக்கடிகளும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தர். எழுபதுகளின் இறுதியில் இயக்கங்களின் துப்பாக்கிகள் முதலில் திரும்பியவர்களில் தமிழ்ப் பொலிஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 1978 ஏப்ரலில் முருங்கன் பக்கத்துக் காட்டில் பரிசோதகர் பஸ்தியாம்பிள்ளையும் அவரோடு போனவர்களும் கொல்லப்பட்டது அந்தக் காலத்தின் அடையாளம். பிறகு இந்த வேலைக்குப் போவதே துரோகம் என்ற எண்ணம் ஊறிப்போனது. போர்க்காலத்தில் குடாநாட்டிலிருந்து பொலிஸில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

2009க்குப் பிறகு தமிழ் இளைஞர் யுவதிகள் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்கள் நிலையத்துக்குள் மொழிபெயர்ப்பாளர், தூதுவர், சில வேளைகளில் சந்தேகத்துக்குரியவர். ஊருக்குள் வந்தால் அரசாங்கத்தின் ஆள். கல்யாண வீட்டில் பேச்சு அடங்கும். உள்ளூர்ப் பிணக்கில் உறவினர் தயவு கேட்பர். செய்தால் கடமைத் தவறு, செய்யாவிட்டால் ஊர்ப் பகை. பெண் உத்தியோகத்தர்களின் சுமை இன்னும் அதிகம். வீட்டு வன்முறையிலும் பாலியல் துன்புறுத்தலிலும் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதும் பொறுப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமே வருகிறது. கேட்ட கதைகளை அவர்கள் எங்கே இறக்கிவைப்பது?

மனவடு, உளவளத்துணை ஆகிய சொற்களை நாங்கள் போரிலும் சுனாமியிலும் கற்றுக்கொண்டோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஒரு சமூகம் முழுவதற்கும் மனவடு ஏற்படும் என்பதை எங்கள் ஊர்களை வைத்தே எழுதிக் காட்டினார்கள். பொலிஸ் நிலையத்துக்குள் அந்தச் சொற்கள் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அங்கே மனம் சரியில்லை என்று சொல்வது கோழைத்தனம், கடமையைத் தட்டிக்கழிக்கும் சாட்டு. ஆம்பிளைக்கு அழுகை எதற்கு என்ற வீட்டுப் பேச்சுத்தான் அங்கேயும், சீருடையோடு.

கைவிடப்பட்ட ஞாபகம்

பொலிஸ் நிறுவனத்துக்குள்ளும் பேசப்படாத ஒரு பெரிய காயம் உண்டு. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் விடுதலைப் புலிகள் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தபோது, பேச்சுவார்த்தையை முறிக்க விரும்பாத கொழும்பு, ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடையும்படி பொலிஸாருக்கு உத்தரவிட்டது. சரணடைந்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சிங்களவர்களும் முஸ்லிம்களுமே அதில் பெரும்பாலோர். கொன்றவர்களின் குற்றத்தை எங்கள் பக்கத்திலும் நேராகச் சொல்ல வேண்டும். அதேவேளை அந்தச் சம்பவம் பொலிஸாருக்குள் விட்டுச்சென்ற பாடமும் கவனிக்கத்தக்கது: மேலிடத்துச் சொல்லைக் கேட்டவர்கள் இறந்தார்கள், சொன்னவர்கள் பதில் சொல்லவில்லை.

கீழ்ப்படிய வேண்டும், ஆனால் மேலிடத்தை நம்பக்கூடாது என்ற இந்த இரட்டை மனநிலையைப் பல நிறுவனங்களில் காணலாம். ஆயுதம் ஏந்திய நிறுவனத்தில் அது ஆபத்தானது. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒருவர் தன் பக்கத்தில் இருப்பவரை மட்டும் நம்புவார். அவர் தப்புச் செய்தால் மறைப்பார். சக ஊழியரைக் காட்டிக்கொடுக்காத இந்த மௌனம், வெளியே இருக்கும் எங்களுக்கு நீதி மறுப்பாக வந்து சேர்கிறது.

அழுத்தம் வெளியே வரும் இடங்கள்

2016 ஒக்ரோபர் 20ஆம் திகதி நள்ளிரவை அண்டி, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தார்கள். முதலில் அது வீதி விபத்து என்று சொல்லப்பட்டது. சூட்டுக் காயம் வெளிப்பட்ட பிறகு ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட சித்தங்கேணி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தனக்கு நடந்த சித்திரவதையை அவரே சொல்லும் காணொளியை எல்லோரும் பார்த்தோம். அந்த வழக்கிலும் பொலிஸார் கைதானார்கள்.

இந்த மரணங்களை மன அழுத்தம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது, விளக்கவும் கூடாது. சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். களைப்பும் தூக்கமின்மையும் அதற்கு மன்னிப்பு ஆகாது. ஆனால் சித்திரவதை எங்கே வேலைமுறையாகிறது என்று கேட்டால் மீண்டும் நிறுவனத்துக்கே வருகிறோம். 2016இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் ஹுவான் மெண்டஸ், சாதாரண குற்ற விசாரணைகளிலும் சித்திரவதை வழக்கமாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். தடயவியலுக்கும் பொறுமையான விசாரணைக்கும் நேரமும் பயிற்சியும் தராமல், சந்தேகநபரையும் ஒப்புதலையும் நாளைக்கே கொண்டுவா என்று கேட்கும் இடத்தில் அடி ஒரு குறுக்குவழியாகிறது.

2023 டிசெம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கை நினைவிருக்கும். எத்தனை பேர் கைது என்ற கணக்கு நாள்தோறும் ஊடகங்களுக்குக் கொடுக்கப்பட்டது. எண்ணிக்கையே சாதனையாகும்போது அந்த எண்ணிக்கையை நிரப்பும் சுமை கீழ்நிலை ஊழியர்மேல் விழும். நிரப்பப்படுவது ஒழுங்கைகளிலும் சந்திகளிலும் நிற்கும் ஏழை இளைஞர்களால். அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனும் வேறு அதிகாரிகளும் ஒருவரைச் சித்திரவதைக்கு உட்படுத்தியதாக, நடவடிக்கை தொடங்குவதற்கு மூன்று நாட்கள் முன்னர், டிசெம்பர் 14இல், உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பிறகும் அவர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பதவியில் செயற்படுவதை இடைநிறுத்தியது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரை நீக்கியது. இடைப்பட்ட அந்த மாதங்களில் ஒரு சாதாரண கான்ஸ்டபிள் தன் நிறுவனத்திடமிருந்து என்ன கற்றிருப்பார்? சுற்றறிக்கையைவிடத் தலைமையின் நடத்தைதான் வேலைத்தளப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் கொமன் கோஸ் அமைப்பும் லோக்நிதியும் 2019இல் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 பொலிஸாரிடம் கேட்டுத் தயாரித்த அறிக்கையின்படி, அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் வேலை செய்கிறார்கள். இருவரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை. ஏறத்தாழ நால்வரில் ஒருவர், மேலதிகாரிகள் கீழுள்ளவர்களை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவதாகச் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2018இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது. 2021இல் காவலர்களுக்கு வார ஓய்வு வழங்க அரசு ஆணை பிறப்பித்தது. 2022இல் ஆர்டர்லி முறையை ஒழிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அப்படியிருந்தும் 2023 ஜூலையில் கோவை சரகத்தின் டி.ஐ.ஜி. தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உயர்பதவி யாரையும் காப்பதில்லை என்பதையும், பயிற்சி வகுப்பு மட்டும் போதாது என்பதையும் அந்த இழப்பு உணர்த்தியது.

எங்கள் நிலைமைக்கு நெருக்கமானது வட அயர்லாந்து. மோதல் காலத்தில் அங்கே 300க்கும் மேற்பட்ட பொலிஸார் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்க மக்களுக்கோ அந்தப் பொலிஸ் ஓர் எதிரிப் படை. 1999இன் பட்டன் ஆணைக்குழு அறிக்கைக்குப் பிறகு, 2001இல் பெயரும் சின்னமும் மாற்றப்பட்டன. புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்ற விதி பத்து வருடம் நடைமுறையில் இருந்தது. ஏறத்தாழ 8 வீதமாக இருந்த கத்தோலிக்கர்களின் பங்கு சுமார் 30 வீதமானது. அதே காலத்தில் ஓய்வுபெற்ற பொலிஸாரின் மனநலத்துக்கும் மறுபயிற்சிக்கும் தனி நிதியம் அமைக்கப்பட்டது. மக்களுக்குப் பொறுப்புக் கூறுவதும் பொலிஸாரின் மனத்தைக் கவனிப்பதும் அங்கே ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்களாக இருந்தன. குறைகள் அங்கேயும் உண்டு. ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்ற வாதம் அங்கே பொய்த்தது.

இங்கே என்ன கேட்கலாம்

பெரிய மாற்றங்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியும். 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவையும் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் எழுத்தில் தந்தது. 2013இல் தெரிவான வடமாகாண சபை 2018இல் கலையும் வரையிலும் அந்த அதிகாரம் வரவில்லை. அது வந்திருந்தால், ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில், ஊரின் மொழியில் வேலை செய்யும் பொலிஸார் கிடைத்திருப்பார்கள். இதை அரசியல் உரிமையாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். வேலைத்தள அழுத்தத்துக்கும் அதுவே மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சின்ன மாற்றங்களுக்கு அரசியலமைப்புத் தேவையில்லை. விடுமுறை மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம், அதற்கு மேல்முறையீடு. தொடர்ச்சியான கடமை நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு கடமை முறையிலும் தமிழில் எழுதக்கூடிய போதிய ஆட்கள், அவர்களுக்கு மொழிக் கொடுப்பனவு. துப்பாக்கிச் சூடு, மரணம், குழந்தை மீதான வன்முறை போன்றவற்றைக் கையாண்டவருக்கு, தனிப்பட்ட கோவையில் கறையாக ஏறாத இரகசிய உளவளத்துணை. இடமாற்றத்தைத் தண்டனையாகப் பயன்படுத்தாமை. 2001இன் 17ஆவது திருத்தத்தில் உருவாகி, 18இல் பலமிழந்து, 19இல் மீண்டு, 20இல் சுருங்கி, 21இல் திரும்பிய தேசிய பொலிஸ் ஆணைக்குழு, பொதுமக்களின் முறைப்பாடுகளைப் போலவே கீழ்நிலை ஊழியரின் முறைப்பாட்டையும் மேலதிகாரிக்குப் பயமில்லாமல் கேட்கும் இடமாக வேண்டும்.

எங்களுக்கும் ஒரு வேலை உண்டு. முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது உரிமை, கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். அடித்தால், மிரட்டினால் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கோ யாழ். பிராந்திய அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பொலிஸில் இருந்து, தூக்கமின்றி, பேச்சின்றி, குடியோடு அல்லது கோபத்தோடு மட்டும் வீடு திரும்பினால், அதை உத்தியோகத்தின் குணம் என்று விட்டுவிடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் சீருடைக்காரருக்கும் உரியது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களும் இருக்கின்றன.

பொலிஸாரின் களைப்பை அறிந்துகொண்டதால் எங்கள் கணக்கு எதுவும் தீர்ந்துவிடாது. குளப்பிட்டிக்கும் சித்தங்கேணிக்கும் நீதி வேண்டும் என்பதில் ஒரு சொல்லும் குறையாது. ஆனால் கான்ஸ்டபிளின் கையை மட்டும் குற்றவாளியாக்கி, அந்தக் கையை அப்படிப் பழக்கிய நிலையத்தை விட்டுவிட்டால், அடுத்த முறையும் வேறொரு கை அதையே செய்யும். வழக்கில் தனிமனிதரைக் கேட்போம். நாடாளுமன்றத்திலும் ஆணைக்குழுவிலும் ஊடகத்திலும் நிறுவனத்தைக் கேட்போம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால்தான், காணி உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்கில் காத்திருக்கும் அம்மா சொல்வது முழுதாகப் புத்தகத்தில் ஏறும்.